கெட்டி எண்ணெய்தான் காக்குமா? – வாகனப் பக்கம்: வாசகர் கேள்வியும் பதிலும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்தவை. கேள்விகள் வெவ்வேறாகத் தோன்றினாலும், இன்ஜினுக்கும் கியருக்கும் ஊற்றும் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்ற ஐயமே எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் எழுதுகிறேன்.

கேள்வி: வாரம் இருமுறை காரில் ஏற்காடு சென்று வருகிறேன். வண்டியின் கையேட்டில் 5டபிள்யூ-30 ஆயில் என்று போட்டிருக்கிறது. பட்டறைக்காரரோ, "தண்ணி மாதிரி இருக்கிற ஆயில் மலையேறுற வண்டிக்குத் தாங்காதுங்க, 20டபிள்யூ-50 ஊத்திக்குங்க" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: கையேட்டின் பேச்சைக் கேளுங்கள். பட்டறைக்காரர் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். அவர் தொழில் பழகிய காலத்து இன்ஜின்களுக்கு அது பொருந்தியும் இருக்கலாம். ஆனால் கெட்டியாக இருந்தால் வலுவாக இருக்கும் என்ற எண்ணம் எண்ணெய்க்குப் பொருந்தாது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பிஸ்டன்களால் இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு, தன்னைத் தாங்கும் வளையமான பேரிங்கின் மேல் உட்கார்ந்து சுழல்வதில்லை. எண்ணெயில் மிதந்துகொண்டு சுழல்கிறது. ஆயில் பம்ப்தான் அழுத்தம் கொடுத்து அதை மிதக்க வைக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பம்ப்பின் வேலை எண்ணெயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே. சுமையைத் தாங்கும் அழுத்தத்தைத் தண்டு தன் சுழற்சியாலேயே உண்டாக்கிக்கொள்கிறது. இது முதலில் தெரியவந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. 1883-இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் துளை வழியாக எண்ணெய் உள்ளே போவதற்கு மாறாக வெளியே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார், தக்கையைத் தள்ளிவிட்டது. மரச்செருகு அடித்துப் பார்த்தார். அதுவும் வெளியே வந்தது. பிறகு அழுத்தமானியை மாட்டியபோது, மானி காட்டக்கூடிய எல்லையான சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டையும் தாண்டியது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்கான கணக்கை எழுதினார். இன்றும் பேரிங் வடிவமைப்பவர்கள் அதையே கையாள்கிறார்கள்.

பள்ளி இயற்பியலில் பாகுநிலை என்று படித்தோமே, ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் தடை, அதுதான் இங்கே வேலை செய்கிறது. தண்டின் மேற்பரப்பில் ஒட்டிய எண்ணெய், தண்டோடு சேர்ந்து குறுகிக்கொண்டே போகும் இடைவெளிக்குள் இழுக்கப்படுகிறது. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு நிமிடத்துக்கு 3000 சுற்றில் சுழலும்போது அதன் மேற்பரப்பு வினாடிக்கு ஏறக்குறைய 8 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் உள்ளே தள்ளப்பட்ட எண்ணெய் பக்கவாட்டில் எளிதில் வழிந்தோட மறுப்பதால் ஆப்பு போல அடைந்து நின்று, தண்டைத் தூக்கிவிடுகிறது. சுமை மிகுந்திருக்கும் நேரத்தில் அந்த எண்ணெய்ப் படலத்தின் தடிமன் ஓரிரு மைக்ரானாகக் குறைந்துவிடும். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவு என்பதை நினைத்துப் பார்த்தால், எவ்வளவு மெல்லிய திரை இன்ஜினைக் காக்கிறது என்பது விளங்கும்.

எண்ணெய் வழிந்தோட மறுப்பதுதான் காப்பு என்றால், இன்னும் கெட்டியானதை ஊற்றினால் காப்பு கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவு வரை கூடும். அதற்குமேல் கெடுதல்தான் கூடும். கெட்டி எண்ணெய் தனக்குள்ளேயே அதிகமாக உராய்ந்து சூடாகிறது. சூடானதும் படலம் எங்கே தேவையோ அங்கேயே இளகிவிடுகிறது. பேரிங்கையும் பிஸ்டனின் அடிப்பாகத்தையும் குளிர்விக்கிற வேலையும் இதே எண்ணெய்க்கு உண்டு. குறுகலான வழிகளில் அது மெதுவாக ஓடினால் சூட்டை எடுத்துச் செல்லும் அளவும் குறைகிறது. ஆயில் அழுத்தம் அதிகமாகக் காட்டுகிறது என்று மகிழ்வதற்கும் இடமில்லை. வழி விடாததால்தான் அழுத்தம் ஏறுகிறது. குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் அழுத்தம் தணிக்கும் வால்வு திறந்து, மேலே போக வேண்டிய எண்ணெயில் ஒரு பகுதி பேரிங்கை எட்டாமலேயே, இன்ஜினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியான சம்ப்புக்குத் திரும்பிவிடும். இன்றைய கார்களில் டர்போ தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது; வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பும் எண்ணெய் அழுத்தத்தாலேயே இயங்குகிறது. அவற்றின் துளைகளும் இடைவெளிகளும் 30 கிரேடை (5டபிள்யூ-30-இல் பின்னால் உள்ள எண்) மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை.

தண்ணீர் மாதிரி என்ற சொல்லுக்கும் ஒரு கணக்கு உண்டு. வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ.யின் வரையறைப்படி 30 கிரேடு எண்ணெய் 100 டிகிரி சூட்டில் 9.3 முதல் 12.5 செண்டிஸ்டோக் வரை பாகுநிலை கொண்டிருக்க வேண்டும். சாதாரணத் தண்ணீர் 20 டிகிரியில் ஒரு செண்டிஸ்டோக்தான். அதாவது, கொதிநீரின் சூட்டில் இருக்கும்போதும் உங்கள் எண்ணெய் குடத்துத் தண்ணீரைவிட ஒன்பது மடங்குக்குக் குறையாத பாகுநிலையோடு இருக்கிறது.

மலையேற்றத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கவலையின் மையம் அதுதான். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில், சேலத்தின் மட்டத்தைவிட ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். படலத்தின் தடிமனை முடிவு செய்பவை மூன்று: எண்ணெயின் பாகுநிலை, தண்டின் வேகம், அதன் மேல் விழும் சுமை. பாகுநிலையும் வேகமும் கூடினால் படலம் தடிக்கும். சுமை கூடினால் மெலியும். வளைவில் வேகம் குறைந்தபின் கியரைக் குறைக்காமல், மூன்றாவது கியரிலேயே ஆக்சிலரேட்டரை அழுத்தி வண்டியைத் திணறத் திணற இழுப்பவர்களை அந்தச் சாலையில் தினமும் காணலாம். அப்போது தண்டின் சுற்று மிகக் குறைவு, பிஸ்டன் தள்ளும் சுமையோ மிக அதிகம். படலம் மெலிவதற்கு இதைவிடப் பொருத்தமான நிலை வேறில்லை.

நான் பட்டறையில் வேலை கற்ற காலத்தில், ஏற்காட்டுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஒரு வேனின் இன்ஜினைப் பிரித்தோம். டீசல் மிச்சமாகும் என்று பெரிய கியரிலேயே இழுத்துப் பழகிய வண்டி அது. காப்பாக இருக்கட்டும் என்று கெட்டியான எண்ணெயே அதில் ஊற்றியிருந்தார்கள். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் இரண்டு பாதிகளாக வரும். மேற்பாதியைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, சாம்பல் நிறப் பூச்சு நடுவில் முழுவதும் தேய்ந்து செம்பு நிறம் பளிச்சென்று தெரிந்தது. விரல் நகத்தை ஓட்டினால் விளிம்பில் தட்டியது. கீழ்ப்பாதியோ பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் மங்கிய சாம்பலாக, கோடு கூட இல்லாமல் இருந்தது. எரிபொருள் வெடித்துப் பிஸ்டனை அழுத்தும் அடி மேற்பாதியில்தான் விழுகிறது. அன்றைக்கு எங்கள் கையில் இருந்தது பெரிய கியரில் மலையேறியதன் கணக்கு. கெட்டி எண்ணெய் அதைத் தடுக்கவில்லை. ஆகவே எண்ணெயை மாற்றாதீர்கள், கியரை மாற்றுங்கள். இரண்டாவது கியரில் இன்ஜின் சற்று உரக்கச் சத்தமிடட்டும். தண்டு வேகமாகச் சுழல்வதால் படலமும் தடித்து நிற்கிறது.

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்து ஜீப் மார்கழிக் காலையில் கிளம்பச் சிரமப்படுகிறது, கிளம்பியதும் சிறிது நேரம் வால்வுப் பக்கம் டக் டக்கென்று தட்டுகிறது. 20டபிள்யூ-40 ஊற்றுகிறோம். டபிள்யூ என்பது எடையா? மலைக்குக் குளிர்கால எண்ணெய் தனியாக உண்டா?
– வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: டபிள்யூ என்பது எடை அன்று, குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் குளிரிலும், பின்னால் உள்ள எண் 100 டிகிரி சூட்டிலும் எண்ணெய் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கின்றன. 20டபிள்யூ என்றால் உறைநிலைக்கு 15 டிகிரி கீழேயும் இன்ஜினைச் சுழற்ற இடங்கொடுக்கும் என்று சோதித்திருக்கிறார்கள். பனிக்காலத்தில் உங்கள் ஊரின் குளிர் அதற்கு அருகில்கூட வராது என்பதால், ஜீப் கிளம்பச் சிரமப்படுவதற்கு முதலில் பேட்டரியையும், டீசல் வண்டியானால் கிளப்புமுன் சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக்கையும் பாருங்கள்.

தட்டும் சத்தம் வேறு கதை. இந்த வகை எண்ணெய் 40 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போதே எட்டு மடங்கு அளவுக்கு இளகுகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரிக் காலையிலோ அதன் பாகுநிலை பல நூறு செண்டிஸ்டோக்காக இருக்கும். இரவெல்லாம் சம்ப்பில் இறங்கியிருந்த எண்ணெய் மேலே, வால்வைத் திறக்கும் நெம்புகோலான ராக்கர் வரை ஏறி வரும் வரைக்கும் அங்கே பழைய ஈரம் மட்டுமே காவல். தட்டும் சத்தம் சில வினாடிகளில் நின்றுவிட்டால் அஞ்ச வேண்டாம். கையேட்டில் உள்ள வெப்பநிலை அட்டவணை 10டபிள்யூ-40, 15டபிள்யூ-40 இரண்டில் ஒன்றை அனுமதித்தால் தயங்காமல் மாறிக்கொள்ளுங்கள். சூட்டில் அதே 40 கிரேடுதான், காலையில் மட்டும் விரைவாக ஏறும். சூடேறினால் இத்தகைய எண்ணெய் கெட்டியாகும் என்று சிலர் சொல்வது தவறு. எல்லா எண்ணெயும் சூட்டில் இளகத்தான் செய்யும். இதில் கலந்துள்ள பாலிமர் இழைகள் சூட்டில் விரிந்துகொடுப்பதால் இளகும் அளவு குறைகிறது, அவ்வளவே.

கிளப்பியவுடன் ஆக்சிலரேட்டரை முறுக்குவதைத் தோட்டத்து டிரைவர்கள் கைவிட வேண்டும். அரை நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, முதல் இரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டினால் போதும்.

கேள்வி: என் லாரியில் இன்ஜினுக்கு 40, கியர் பாக்ஸுக்கும் பின் அச்சில் உள்ள கிரவுன் பல்சக்கரத்துக்கும் 90 நம்பர் ஆயில். கியர் ஆயில் இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டி என்றுதானே பொருள்? கியர் பாக்ஸ், கிரவுன் இரண்டுக்கும் ஒரே டின்னிலிருந்து ஊற்றலாமா?
– லாரி உரிமையாளர், சங்ககிரி

பதில்: இல்லை. இன்ஜின் எண்ணெய்க்கும் கியர் எண்ணெய்க்கும் எஸ்.ஏ.இ. அமைப்பு இரண்டு தனித்தனி அளவுகோல்களை வைத்திருக்கிறது. ஒரு எண்ணைப் பார்த்ததும் எது எந்தப் பெட்டிக்கு உரியது என்று குழப்பம் வராதிருக்கவே எண்களை விலக்கி வைத்தார்கள். 100 டிகிரியில் அளந்தால், இன்ஜின் எண்ணெயில் 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரை, 50 கிரேடு 16.3 முதல் 21.9 வரை. கியர் எண்ணெயில் 90 கிரேடு 13.5 முதல் 18.5 வரை. ஆக, பெயரில் 90 இருந்தாலும் அது இன்ஜின் எண்ணெயின் 40-க்கும் 50-க்கும் இடைப்பட்டதுதான்.

அப்படியானால் கியரை எது காக்கிறது? இரண்டு பற்கள் ஒன்றையொன்று அழுத்தும் இடம் ஒரு மெல்லிய கோடு. அங்கே அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் பத்தாயிரம் மடங்கு வரை ஏறக்கூடும். பேரிங்கில் நடப்பது போன்ற ஆப்பு இதைத் தாங்காது. ஆனால் எண்ணெய்க்கு ஒரு அரிய குணம் உண்டு. அழுத்தம் ஏற ஏற அதன் பாகுநிலையும் பன்மடங்காக ஏறி, பற்கள் சந்திக்கும் அந்த நொடிக்குள் அது தாரைப் போல, ஏறக்குறைய திடப்பொருளாகவே இறுகிவிடுகிறது. பற்கள் பிரிந்ததும் மீண்டும் எண்ணெயாகிறது. ஒரு மைக்ரானுக்கும் குறைவான அந்தப் படலம் எஃகையே சற்று அமுங்கச் செய்து தன் இடத்தைக் காத்துக்கொள்வதை நினைக்கும்போது, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கிரவுன் வீலும் பினியனும் சேரும் இடத்தில் பற்கள் உருள்வதோடு நீளவாக்கில் சறுக்கவும் செய்கின்றன. சறுக்கல் படலத்தை வழித்துவிடும் என்பதால் பாகுநிலை மட்டும் போதாது. அதற்காகவே கந்தகமும் பாஸ்பரசும் கொண்ட சேர்மங்களைக் கலக்கிறார்கள். கியர் ஆயில் டின்னைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த நெடி இவற்றுடையது. சூடேறிய இடத்தில் இவை எஃகோடு வினைபுரிந்து, பற்கள் ஒன்றோடொன்று பற்றவைத்துக் கொள்ளாதபடி ஒரு பூச்சை உண்டாக்குகின்றன.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. கிரவுனுக்கு, அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏ.பி.ஐ.யின் தரத்தில் ஜி.எல்.-5 வேண்டும், அதில் இந்தச் சேர்மங்கள் ஜி.எல்.-4-ஐவிட மிகுதி. அதே எண்ணெயை, கியர் மாற்றும்போது பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோனைசர் ரிங் உள்ள கியர் பாக்ஸில் ஊற்றினால், சூட்டில் பித்தளையை அரிக்கக்கூடும். ரிங் பிடிக்காமல் வழுக்குவதால் கியர் விழும்போது நறநறக்கவும் செய்யும். கிரேடு இரண்டிலும் 80டபிள்யூ-90 என்றே இருந்தாலும் தரம் வேறு. கையேட்டில் கியர் பாக்ஸுக்கு ஜி.எல்.-4 என்று இருந்தால் அதற்குத் தனி டின் வாங்குங்கள். மிச்சமான கியர் ஆயிலை இன்ஜினில் ஊற்றுகிற பழக்கம் எவரிடமும் இருந்தால் அருள்கூர்ந்து நிறுத்தச் சொல்லுங்கள். கரியைத் தாங்கிச் சுமக்கும் பொருள்கள் அதில் இல்லை.

கேள்வி: டீசல் வண்டியில் ஆயில் மாற்றி ஆயிரம் கிலோமீட்டருக்குள் கறுத்துவிடுகிறது. விரலில் தொட்டால் வழவழப்பும் குறைந்ததுபோல் தெரிகிறது. மாற்றிவிடலாமா?
– வாசகர், ஓமலூர்

பதில்: கறுப்பதற்காக மாற்ற வேண்டாம். கரியைக் கீழே படியவிடாமல் சுமந்துகொண்டிருப்பதால்தான் கறுக்கிறது; அது எண்ணெய் தன் வேலையைச் செய்வதன் அடையாளம். இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்ப்பதும் நம்பத்தக்கதன்று, ஏனென்றால் உங்கள் விரலின் சூடு 35 டிகிரி, இன்ஜினுக்குள் அதைப்போல மூன்று மடங்கு.

நீங்கள் கவனிக்க வேண்டியது டிப் ஸ்டிக்கில் உள்ள மட்டம். எண்ணெய் குறைவதை எல்லோரும் கவனிக்கிறார்கள். கூடுவதை யாரும் கவனிப்பதில்லை. ஊற்றாமலே மட்டம் ஏறினால் எரிபொருளோ ரேடியேட்டர் நீரோ உள்ளே இறங்குகிறது என்று பொருள். டீசல் கலந்த எண்ணெயின் பாகுநிலை வேகமாகக் குறையும். நீர் கலந்தால் மூடியின் உட்புறத்தில் மோர் நுரைபோல வெளுத்த பசை ஒட்டியிருக்கும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில், புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிப்பதற்காகக் கூடுதல் டீசல் செலுத்தப்படுகிறது. ஊருக்குள்ளேயே குறுகிய தூரம் ஓடி, அந்த எரிப்பு நடுவில் நின்றுபோகும் வண்டிகளில் கொஞ்சம் டீசல் எண்ணெயில் இறங்கிவிடும். அத்தகைய வண்டியை வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீராக ஓட்டுங்கள். மேல் கோட்டைத் தாண்டி மட்டம் ஏறியிருந்தால் கிலோமீட்டர் கணக்கு பார்க்காமல் அன்றே எண்ணெயை மாற்றுங்கள்.

கேள்வி: என் தாத்தா மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து மசகு போடுவார். விளக்கெண்ணெய் இன்ஜினுக்கு ஆகுமா?
– வாசகர், பெத்தநாயக்கன்பாளையம்

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஏத்தாப்பூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; இந்தக் கேள்வி அங்கிருந்து வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. தாத்தா செய்தது முற்றிலும் சரியான பொறியியல். அச்சு மெதுவாகச் சுழல்வது, சுமையோ அதிகம். வேகம் படலத்தைத் தராத இடத்தில் பாகுநிலைதான் ஈடுகொடுக்க வேண்டும். விளக்கெண்ணெய் 40 டிகிரியில் 250 செண்டிஸ்டோக் அளவு பாகுநிலை கொண்டது. இன்றைய 20டபிள்யூ-40 எண்ணெயைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. அதன் மூலக்கூறு உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. எண்ணெய் வழிந்துவிடாதபடி கரி பிடித்துவைத்தது.

இன்ஜினிலும் பயன்பட்டிருக்கிறது. முதல் உலகப் போர்க்கால விமானங்களில் சிலிண்டர்களே புரொப்பல்லரோடு சேர்ந்து சுழலும் இன்ஜின்கள் இருந்தன. அவற்றில் பெட்ரோல் கலவை கிராங்க் பெட்டி வழியாகவே சென்றதால், பெட்ரோலில் எளிதில் கரையாத விளக்கெண்ணெயைத்தான் ஊற்றினார்கள். ஆனால் அந்த எண்ணெய் ஒருமுறை சுற்றி வெளியே போய்விடும். உங்கள் வண்டியில் பல்லாயிரம் கிலோமீட்டர் தங்கியிருக்க வேண்டும். அவ்வளவு காலம் சூட்டில் இருந்தால் விளக்கெண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகி, பிஸ்டன் ரிங்கை ஒட்டவைத்துவிடும். ஆகவே ஊற்றாதீர்கள். எனினும் ஆமணக்கு வண்டியை விட்டுப் போய்விடவில்லை. லாரிச் சக்கரத்தின் ஹப்பில் அடைக்கும் லித்தியம் கிரீஸைக் கெட்டியாக்கும் கொழுப்பமிலம், விளக்கெண்ணெயிலிருந்துதான் தயாராகிறது.

கேள்வி: காருக்கு வாங்கிய ஆயில் அரை லிட்டர் மிச்சம் இருக்கிறது. பைக்குக்கு ஊற்றலாமா?
– மாணவர், குகை

பதில்: வேண்டாம், தம்பி. பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. உராய்வைக் குறைக்கக் கார் எண்ணெயில் கலக்கும் பொருள்கள் கிளட்ச் பிளேட்டை வழுக்கச் செய்யும். பைக் எண்ணெய் வாங்கும்போது டப்பாவில் ஜாசோ என்ற ஜப்பானியத் தர அமைப்பின் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். கியர் பற்கள் பாலிமர் இழைகளை நறுக்கிவிடுவதால் பைக் எண்ணெய் சீக்கிரம் இளகும். மாற்றும் கெடுவைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு திரும்பும்போது மட்டும் ஆயில் விளக்கு சிவப்பாக மினுக்கி அணைகிறது. நேரான சாலையில் வருவதில்லை. சென்சார் கோளாறு என்கிறார்கள். அப்படியே ஓட்டலாமா?
– வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: ஓட்டாதீர்கள். பெரும்பாலும் சம்ப்பில் எண்ணெய் குறைந்திருக்கும். ஏற்றத்தில் சாய்ந்து, வளைவில் ஒரு பக்கமாக எண்ணெய் ஒதுங்கும்போது பம்ப்பின் உறிஞ்சு முனை காற்றை இழுக்கிறது. எந்தக் கிரேடு எண்ணெயானாலும் அங்கே இல்லாத எண்ணெய் படலம் தராது. அடுத்த முறை மினுக்கினால் அகலமான, மட்டமான இடம் பார்த்து ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, எண்ணெய் கீழே இறங்குவதற்குப் பத்து நிமிடம் விட்டு டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். சரிவில் நிறுத்திப் பார்த்தால் அளவு தவறாகக் காட்டும். கீழ்க்கோட்டுக்கு அருகில் இருந்தால் கையேட்டில் உள்ள அதே கிரேடை மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றிக்கொண்டு, மெதுவாக இறங்கி வாருங்கள். மட்டம் சரியாக இருந்தும் விளக்கு மினுக்கினால் இன்ஜினை மறுபடி கிளப்ப வேண்டாம். வண்டியைக் கட்டி இழுத்துக் கீழே கொண்டுவந்து, சென்சாரைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் அழுத்தமானியை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.